ரைட்டர் ஐயா கல்யாணத்துக்குக் கூப்பிட்ட கதை

என் போனில் ஒரு படம் இருக்கிறது. குரங்குக் குல்லா போட்ட ஒருவர், பின்னால் மிளகுக்கொடி ஏறிய மரம், வாய் பாதி திறந்தபடி. பார்த்தவர்கள் எல்லாம், "இதை எதுக்கு வெச்சிருக்கே, அழிச்சுத் தொலை" என்பார்கள். அழிக்க மாட்டேன். மனசு சரியில்லாத நாளில் அதைத்தான் எடுத்துப் பார்த்துச் சிரிப்பேன்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்காக, ஞாயிறுதோறும் காலையில் ஏற்காட்டிலிருந்து போன் வழியாக ஒரு கூட்டம் நடத்துகிறேன். பேச்சுப் பயிற்சி தருவது என் தொழில். ஆனால் இந்தக் கூட்டத்தில் பாடமெல்லாம் கிடையாது. அவரவர் வீட்டிலிருந்தே முகம் பார்த்துப் பேசலாம், தடுமாறலாம், சிரிக்கலாம். இவர்களுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கும். சொல்ல நினைத்தது மட்டும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விடும். அதனால் ஒரே ஒரு சட்டம்: ஒருவர் சொல் தேடும்போது மற்றவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். எனக்கோ பிறவியிலேயே வாய் சும்மா இருக்காது. சட்டம் போட்ட நானே முந்தானையைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

வெள்ளக்கடை கிராமத்திலிருந்து இந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர் ரைட்டர் ஐயா. காபி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்குப்பிள்ளையாக இருந்து, விடிகாலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவர். அவர் குரல் பக்கத்து எஸ்டேட் வரை கேட்குமாம். அப்படிப்பட்டவருக்குக் கட்டிய மனைவியின் பெயரே வரவில்லை. அந்த நேரம் பார்த்து மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. எங்கள் பக்கம் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினால் மட்டும் போதாது. பெண்ணைப் பெற்றவர் வாயால் கூப்பிட வேண்டும். "நான் போய்க் கூப்பிடறேன்" என்று மைத்துனர் முன்வந்தாராம். ரைட்டர் ஐயா தட்டைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுவிட்டார். தன் மகள் கல்யாணத்துக்குத் தானே கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் கூட்டத்தில் சொல்லிப் பார்ப்பதாக ஏற்பாடு. வீட்டில் டவர் கிடைக்காதென்று ரோட்டு வளைவு வரை ஏறி வந்து, அவர் மனைவி போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரைட்டர் ஐயா மூச்சை இழுத்து, "எல்லாரும்" என்று தொடங்கினார். அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தார். அப்படியே நின்றார்.

நாங்கள் காத்திருந்தோம். சட்டமல்லவா! கூட்டத்தில் இருக்கும் செம்மநத்தத்து விவசாயி கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். என் காபி ஆறி ஆடை படிந்தது. ஐயோ, மனுஷன் என்ன பாடு படுகிறார் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இந்த முயற்சியை ஒருநாள் அவரிடமே காட்ட வேண்டும் என்று போன் திரையை அப்படியே படமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

திடீரென்று திரையில் படம் அசைந்தது. குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வியர்த்துப்போய் நின்றார் ரைட்டர் ஐயா. அவர் மனைவி ஒரே சத்தம்: "ஏனுங்க மேடம், எல்லாரும் இப்படி உம்முன்னு உக்காந்திருந்தா எப்படிங்க? அவரு பூராத்தையும் சொல்லி முடிச்சுட்டாருங்க! நொம்ப நல்லாச் சொன்னாருங்க!"

டவர் போயிருக்கிறது. நின்றுபோன படத்துக்கு முன்னால் நாங்கள் தவம் கிடந்திருக்கிறோம்! வேறு கூட்டமாக இருந்தால் "கேக்குதா, கேக்குதா" என்று கத்தித் தீர்த்திருக்கும். விஷயத்தைச் சொல்லவே எனக்குப் பயம். அவ்வளவு பாடுபட்டுச் சொன்னது யார் காதிலும் விழவில்லை என்றால் உடைந்துபோக மாட்டாரா? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! நாங்களும் சிரித்து ஓய்ந்ததும் மறுபடி சொல்லிப் பார்த்தார். வரவில்லை. 'பொறுங்கள்' என்று கையைக் காட்டினார்.

அடுத்த வாரமே ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கும் என் வீட்டு வாசலில் இருவரும் தட்டோடு வந்து நின்றார்கள். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார், நான் முந்தானையை. "நம்மூட்டு..." என்றார் ரைட்டர் ஐயா. தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பிப் போயிற்று. "கல்யாணம்ங்க. வந்து... வந்துருங்க." நான் ஓவென்று அழுதுவிட்டேன். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டா ஆராச்சும் அழுவாங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாவும் அழுதார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ரைட்டர் ஐயாதான் நின்றார். போனை நீட்டி, "இதுல என்னங்க சொல்ல வாயைத் தொறந்தீங்க?" என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்தார். அதற்குள் எனக்குப் பின்னால் செம்மநத்தத்து விவசாயி படியேறி வந்தார். ரைட்டர் ஐயா நிமிர்ந்தார், மூச்சை இழுத்தார், படத்தில் இருப்பது போலவே வாயைத் திறந்தார்.

"வாங்க," என்றார்.