தாயா, குட்டியா

என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் என் குதிரையைக் கொண்டுபோனார் என்பதுதான் என் முதல் கோபம்.

கல்யாணமாகி வந்தபோது அப்பா எனக்கென்று ஒரு மட்டக்குதிரையைக் கூடவே அனுப்பியிருந்தார். குள்ளம்தான். ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கல்லுக்காட்டில் லாடம் இல்லாமலே ஓடும். அந்தக் குளம்பைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்கு ஆசை பிடித்தது. சேலத்தில் ஒரு துரை வைத்திருந்த சீமைக் குதிரை ஆளுயரம் இருக்கும். அதன் உயரமும் இதன் குளம்பும் சேர்ந்தால் நம் மண்ணுக்கென்றே ஒரு புதுச் சவாரிக் குதிரை உண்டாகிவிடும் என்று கணக்குப் போட்டார். நான் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது ஓட்டிக்கொண்டுபோய் அந்தச் சீமைக் குதிரையோடு இணை சேர்த்துவிட்டு வந்துவிட்டார்.

குதிரைக்கு மாதம் நெருங்கியபோது நானும் முழுகாமல் இருந்தேன். "அம்மிணியும் குதிரையும் போட்டி போடறாங்களாட்ட இருக்குது" என்று ஊரே கேலி பேசியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்ன உடம்புக்கு அந்த வயிறு ரொம்பப் பெரிது.

ஒரு காலையில் கட்டுத்தறியில் அது படுத்துவிட்டது. முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு காலும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. குதிரைக்கு வைத்தியமும் பார்க்கிற லாடம் கட்டுகிறவரைக் கூட்டி வந்தார்கள். கையை விட்டுப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னொரு காலு உள்ள மடங்கிக் கெடக்குதுங்க சாமி. இப்படியே இழுத்தா தாய் கிழிஞ்சுரும். குட்டியை உள்ளயே அறுத்து எடுத்தா தாய் தங்கும். தாயா, குட்டியா? சுருக்காச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த நீளக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். குதிரை முனகியது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். என் வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

"தாய்தானுங்க!" என்று கத்தினேன். "என்ற குதிரை, நான் சொல்றேன். தாயைக் காப்பாத்துங்க!"

கத்தியை எடுக்குமுன் லாடம் கட்டுகிறவர் கடைசியாக ஒருமுறை குட்டியை உள்ளே தள்ளிப் பார்த்தார். யார் செய்த புண்ணியமோ, மடங்கிய கால் நிமிர்ந்து கைக்கு வந்தது. இரண்டும் பிழைத்தன. பெட்டைக் குட்டி. என் வீட்டுக்காரர் அதன் காலைச் சாண் போட்டு அளந்து பார்த்துப் பூரித்துப்போனார். தாய் எழுந்து நிற்கவே வெகுநேரம் ஆனது. அதற்குத் தண்ணீர் காட்டியது நான்தான்.

"அடுத்தது ஆண்குட்டியாப் போட்டுருச்சுன்னா போதும்" என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

தலைப்பிரசவத்துக்கு என்னை அழைத்துப்போக அண்ணன் வண்டியோடு வந்தார். நான் குதிரையை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டினேன். குட்டி தானாகவே தாயின் பின்னால் வந்து நின்றது.

"ஏன் அம்மிணி, குதிரை எதுக்கு?" என்று பதறினார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கும் எங்கப்பா ஊடுதானுங்க தாயூடு" என்றேன். அதோடு விட மனமில்லை. "எனக்கு அப்படி ஒரு நேரம் வந்து, தாயா குட்டியான்னு கேட்டா, நீங்க என்னங்க சொல்லுவீங்க?"

அன்றைக்கும் அவர் குட்டியின் நீளக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியை ஓட்டச் சொன்னேன்.