கிணற்றுக்கு ஒரு டெலிபோன்

திண்டிவனத்தில் எனக்கு ரேடியோ ரிப்பேர் கடை. எண்பதுகளில் பாதி நாள் கடையில் இருந்தேன். மீதி நாள் ஏதாவது ஒரு கிணற்றடியில் கிடந்தேன். டிரான்சிஸ்டரைச் சரிபண்ணக் கொண்டுவந்த ஒரு தீயணைப்பு வீரரால் வந்த வினை.

"அண்ணே, கெணத்துல எறங்குனா நாங்க சொல்றது மேல கேக்கமாட்டேங்குது. எதனா பண்ணுங்கண்ணே" என்றார்.

முகமூடியும் சிலிண்டருமாக இறங்குகிறவர் பேசுவது மேலே வராது. கயிற்றை இழுத்துத்தான் சைகை. ஊரே கிணற்றைச் சுற்றி நின்று கத்தும்போது எந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கு நினைவிருக்கும்? செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சென்னையில் பழைய ராணுவச் சாமான் விற்பவரிடம், தொண்டையில் கட்டிக்கொள்ளும் மைக் ஒன்று கிடைத்தது. முதல் தடவை அதில் தண்ணீர் புகுந்தது. சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி மெழுகு ஊற்றினேன். அடுத்த தடவை பாறை விளிம்பில் உரசி ஒயர் அறுந்தது. அதற்காக நல்ல ஒயர் தேடி விழுப்புரத்துக்கு எத்தனை தரம் பஸ் ஏறினேனோ, கணக்கில்லை. அதைக் கயிற்றோடு சேர்த்து முழத்துக்கு ஒரு கட்டாகச் சணலால் கட்டினேன். வீட்டில் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். கடைசியாக, கயிறு பிடிக்கிற எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மேலே ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்தேன். அதைப் பெரிய மேதாவித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

வானூர் பக்கம் ஒரு கிணறு. பாதி ஆழத்தில் மேடை கட்டி ஆயில் எஞ்சின் வைத்திருந்தார்கள். புகை உள்ளேயே தங்கிவிட, எஞ்சினை நிறுத்த இறங்கிய அண்ணன் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போன தம்பியும் விழுந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்து வேலையை ஆரம்பித்ததும், அவர்களுடைய அம்மா ஸ்பீக்கர் பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எறங்கிக்கினு இருக்கேன்... மேடைகிட்ட வந்துட்டேன்... ரெண்டு பேரும் தெரியறாங்க" என்று வீரரின் குரல் பெட்டியில் வந்தது. அதோடு நின்றது.

கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒயர் போயிற்றா, இல்லை அவரும் மயங்கிவிட்டாரா? "இழுங்க, ஜல்தி இழுங்க!" என்று கத்தியது நான்தான்.

மேலே வந்தவர் முகமூடியைக் கழற்றி என் காதருகே குனிந்தார். "யாருண்ணே இழுக்கச் சொன்னது? பெரியவரு போயிட்டாரு. அந்தம்மா பொட்டிகிட்டயே உக்காந்துக்கினு இருக்காங்க. வாய் தவறி எதனா வந்துடப் போவுதுன்னு மைக்கு பிளக்கைப் புடுங்கிட்டேன். சின்னவருக்கு மூச்சு இருக்குது. கயிறு கட்டிக்கினு இருந்தேன்."

அப்படியே மறுபடி இறங்கினார். தம்பியை உயிரோடுதான் மேலே கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவரும் போய்விட்டார். நான் வீணாக்கிய அந்த நிமிடங்களால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. பல நாள் சோறு இறங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போய்விடலாம் என்றிருந்தது. ஆனாலும் ஸ்பீக்கரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு ஹெட்போனை மாட்டினேன்.

அடுத்த அழைப்பு கண்டமங்கலம் பக்கத்திலிருந்து வந்தது. தூர் வார இறங்கியவர் மேல் கிணற்றின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அதே வீரர்தான் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் என் காதில் அவர் குரல் கணீரென்று கேட்டது. பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"இல்லண்ணே, போயிட்டாரு. மண்ணை எடுத்துட்டுக் கட்டணும். நேரம் ஆவும்."

உள்ளே கிடந்தவரின் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னா சொல்றாருங்க?"

"சரியா கேக்கலம்மா. லைன் கரகரங்குது."

"இன்னா மிஷினு செஞ்சி எடுத்துக்கினு வந்தீங்க, ஒரு பேச்சு கேக்கல!" என்று திட்ட ஆரம்பித்தார். உடல் மேலே வரும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். நான் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, ஒண்ணுத்துக்கும் உதவாத மிஷினும்மா" என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.