பை ஏறியது, நான் ஏறவில்லை

தெஹியோவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் காலை பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வராது. அதனால் பஸ் நிற்கும் ஹோல்ட்டில் பையை வரிசையில் வைத்துவிட்டு, லயத்து வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம்.

அவிசாவளையில் எனக்கு வேலை இண்டர்வியூ இருந்த அன்றும் அப்படித்தான் செய்தேன். பையில் என் சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. பாதித் தேத்தண்ணியில் ஹார்ன் கேட்டது. பாழாய்ப்போன பஸ் அன்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது! ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ்ஸும் இல்லை, பையும் இல்லை.

ரோடு மலையைச் சுற்றித்தான் இறங்கும். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, றப்பர் மரங்களுக்குள் குறுக்கே இறங்கி ஓடினேன். கீழ் வளைவில் பஸ் நின்றுகொண்டிருந்தது! பக்கத்து வீட்டு செல்வி அக்கா ஜன்னலில் என் பையைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்: "நீ பின்னால ஏறிட்டியாக்கும்னு நெனச்சு பைய ஏத்திட்டேன்டி! சொல்லி நிப்பாட்டி வச்சிருக்கேன், ஓடி வா!"

கொண்டக்டர் என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சிரித்தார். "நங்கி, பேக்குக்கு டிக்கட் போட்டாச்சு. நீங்களும் வர்றீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. வேலையும் கிடைத்தது.

இப்போதெல்லாம் பையும் நானும் சேர்ந்தே நிற்கிறோம். இதைக்கூட ஹோல்ட்டில் நின்றபடிதான் எழுதி முடித்தேன். பஸ் இன்னும் வரவில்லை.