விமானத்துக்கு வைத்த புங்கன்

கடத்தூருக்குப் பக்கத்தில் அமுதவல்லிக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. கணவர் இறந்த பிறகு அதை அவளே பார்த்துக்கொண்டாள். ஏழெட்டு வருடங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து ஊரில் கூட்டம் போட்டார். புங்க விதை எண்ணெயில் விமானம் பறக்கும், காற்றில் கலக்கும் புகை குறையும், விதையைக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும் என்றார். அமுதவல்லியின் மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு. அதனால் அந்தப் பேச்சு அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. மாமரங்களை வெட்டிவிட்டுப் புங்கன் வைத்தாள். தயங்கி நின்ற பக்கத்துத் தோட்டத்துச் சின்னம்மாளையும் அவள்தான் பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

இந்த ஆண்டு மரங்கள் நன்றாகக் காய்த்தன. போன் செய்ததும் கம்பெனியிலிருந்து அருள்குமார் என்பவர் வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்தார். விதையை எடுக்க மாட்டோம் என்றார்.

"இப்ப ஓட்டல்ல பொரிச்சு மிஞ்சுன எண்ணெயிலயே விமான எரிபொருள் செய்யறாங்கம்மா. ஆராய்ச்சி அந்தப் பக்கம் போயிடுச்சு. காத்துக்கு அதுவும் நல்லதுதான்."

"நல்லதுதாங்க சார். நாங்க வெட்டுன மரத்துக்கு என்னங்க பதிலு?"

அவர் காரில் ஏறினார்.

வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மாள் கிட்டே வந்தாள். "அவங்க மட்டும் சொல்லியிருந்தா நான் வெட்டியிருக்க மாட்டேன் அமுதா. நீ சொன்னியேன்னுதான் வெட்டுனேன்."



இருவரும் இன்றும் ஒரே பஸ்ஸில்தான் கடத்தூர் போகிறார்கள். சின்னம்மாள் முன்படியில் ஏறினால், அமுதவல்லி பின்படிக்குப் போய்விடுகிறாள்.