மாம்பூவில் விழுந்தது எந்தப் பனி?

சென்ற தை மாதம் நான் புதுச்சேரி சென்றது கடற்கரை காண அல்ல. என் சகலையின் மாமரங்களைப் பார்க்க. "பூவெல்லாம் பனியில் போகிறது. இவ்வாண்டும் காய்க்காவிட்டால் ஒன்பது மரங்களையும் வெட்டிவிட்டுப் பிரான்சுக்கே திரும்புவோம்" என்று எழுதியிருந்தார். பிரெஞ்சுப் படையில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் ஊர் வந்தவர். என் கொழுந்தியாளுக்கோ மறுபடியும் கப்பலேற மனமில்லை.

சென்னையில் காலை 5.30க்குப் பேருந்து, கட்டணம் பன்னிரண்டு ரூபாய். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்கும் என்றார்கள். இருபத்திரண்டு நிமிடம் நின்றது. 9.50க்குப் புதுச்சேரி. அங்கிருந்து இலாசுப்பேட்டைத் தோப்புக்கு ஐந்து கிலோமீட்டர், சைக்கிள் ரிக்‌ஷாவில் நான்கு ரூபாய்.

"நெருப்பு மூட்டற சொல்தா வூடா? ஏறுங்க சார்" என்றார் ரிக்‌ஷாக்காரர். படையிலிருந்து வந்தவர்களை இங்கே 'சொல்தா' என்பர். நெருப்பு என்னவென்று மறுநாள் காலை 5.45க்குத்தான் விளங்கிற்று. தோப்பெங்கும் வைக்கோல் புகை.

"பூ மேல வெள்ளையா படிஞ்சிருக்கு பாருங்க சகல. அங்க ஆப்பிள் பூ இப்படித்தான் ஒறைஞ்சு கருகும். நெருப்பு போட்டாதான் தப்பிக்கும்."

கொண்டுபோயிருந்த வெப்பமானியைக் கிளையில் கட்டி, பத்து நிமிடம் காத்திருந்து படித்தேன்: இருபத்தொரு டிகிரி. உறைவதற்குச் சுழியம் வேண்டும். தமிழில் இலையை நனைப்பதும் பனி, நீரை உறையவைப்பதும் பனி. ஊரார் முதலாவதைச் சொல்ல, சகலை இரண்டாவதைக் கேட்டிருக்கிறார்.

எதிர்க்கொல்லையில் மணிலா, அதாவது நிலக்கடலை, பயிரிடும் அஞ்சலை இருமிக்கொண்டே வந்தார். 'ஐயா' என்பதற்கு இங்கே பிரெஞ்சு வழியில் 'முசே'.

"முசே, தெருவையே இரும வெச்சிட்டீங்க. இது ஈரத்துல புடிக்கற பூசணம். கந்தகத்தூளு தூவுங்க."

"சரிம்மா, பனி காயட்டும்."

"காஞ்சா எப்பிடி ஒட்டும்? நனைஞ்சிருக்கச்சே தூவணும். மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போடத் தெரியுதே."

எது பூவைக் கெடுத்ததோ அதுவே மருந்தையும் ஒட்டவைக்கும் என்பது எனக்கும் புதிய செய்தி. அன்றே தூள் வாங்கினோம். மறுநாள் ஆறு மணிக்கு, மெல்லிய துணியில் முடிந்து மூங்கில் நுனியில் கட்டி, கிளை கிளையாக உலுக்கினோம். இருவரும் மஞ்சளாகி நின்றதைப் பார்த்துக் கொழுந்தியாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் வந்த பத்தாம் நாள், ஏழு மரங்களில் மிளகளவு பிஞ்சுகள். ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த மரவெட்டியும் அன்றுதான் வந்தார்.

"வெட்டு வேணாம். மே மாசம் வாங்க, ஏறிப் பறிக்க ஆளு வேணும்" என்றார் சகலை.

"கோடாலியோட வந்தவன கூடை தூக்கச் சொல்றீங்க" என்று அவர் உட்கார, கொழுந்தியாள் ஆறு இட்லி வைத்தாள். கேட்காமலே மேலும் இரண்டு.

இப்படிப் போக நினைப்போர் கவனிக்க: தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுக, வெயில் ஏறுமுன் முடித்துவிடுக. திரும்பும் நாளை மட்டும் உறுதியாகக் குறிக்க வேண்டா. என் நான்கு நாள் விடுப்பு பதினொன்றாயிற்று. அலுவலகத்தில் விதிப்படி விளக்கம் எழுதிக் கொடுத்தேன். 'காரணம்' என்ற கட்டத்தில் இருபத்தாறு ஆண்டுப் பணியில் முதன்முறையாக உள்ளதை உள்ளபடி எழுதினேன்: "பிஞ்சு பிடிக்கக் காத்திருந்தேன்."