அந்தச் செய்தியைக் கொஞ்சம் மாத்திப் போடுங்கக்கா

நிருபர் வேலையில் செய்தி எழுதுவது சுலபம். மறுநாள் காலையில், அந்தச் செய்தியில் பேசியவர்களிடமிருந்து வரும் போனை எடுப்பதுதான் வேலை. போடிநாயக்கனூரில் ஒரு நாளிதழுக்கு நான் பகுதிநேர நிருபர். விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும் நானே. ஆத்திரத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, விடிந்ததும் தலையில் கைவைத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் சொன்னது வீட்டுச் சுவரோடு போயிருக்கும். இவர்கள் சொன்னது அச்சில் வந்துவிட்டது, பாவம்.

மறுத்தார்

எங்கள் பக்கத்து வார்டு கவுன்சிலர் நல்ல மனிதர். மைக்கைக் கண்டால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நல்லவராகிவிடுவார். "மாசக் கடைசிக்குள்ள நம்ம தெருவுல லைட்டு எரியலைன்னா, நானே பெட்ரோமாக்ஸைத் தலையில தூக்கிக்கிட்டு நடப்பேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. நான் எழுதினேன்.

மாதம் முடிந்தது. லைட் எரியவில்லை. தெரு இளவட்டங்கள் வாடகைக்கடையில் பெட்ரோமாக்ஸ் எடுத்துவந்து, தலைக்குச் சும்மாடும் சுற்றிக்கொண்டு அவர் வாசலில் நின்றார்கள். எனக்கு உடனே போன்: "மறுப்பு போடுங்க, நான் அப்படிச் சொல்லவே இல்ல." நான் நேரில் போய் செல்போனில் இருந்த பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கொரல் என்னோடதுதான் தங்கச்சி, இல்லேங்கல. ஆனா அதை நான் சொல்லல."

வாபஸ் வாங்கவில்லை

காசிம் பாய்க்கும் சுருளிவேல் அண்ணனுக்கும் எதிரெதிரே ஏலக்காய்க் கடை. காலை டீ சேர்ந்துதான் குடிப்பார்கள். காய்க்குச் சாயம் ஏற்றுகிறார்களா என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ கடுப்பில் இருந்த பாய், "எதிர்க்கடையில இருக்கிற பச்சை, செடியில வந்த பச்சை இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். நான் பெயர் போடவில்லை. ஆனால் பஜாருக்குப் பெயரா தேவை? மறுநாளே சுருளிவேல் அண்ணன் கடையில் வாங்க வந்தவர்கள் காயை நகத்தால் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் டீக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பாய்க்கு மனசு கேட்கவில்லை. ஆள் வைத்து அந்தக் கடைக் காயை வாங்கிவந்து ஈரத்துணியில் வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார். துணி வெள்ளையாகவே இருந்தது. என்னைக் கூப்பிட்டார். "சொன்னதை வாபஸ் வாங்குறீங்கன்னு போட்டுரட்டா பாய்?" என்றேன். தலைக்குமேல் தொங்கிய 'விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது' போர்டைக் காட்டினார்.

"வித்த காயையே நான் வாபஸ் வாங்குனதில்ல. இதை வாங்குனா என்னமோ அவர் திருப்பி அனுப்பி நான் வாங்குன மாதிரி இருக்கும். தப்பாச் சொல்லிட்டேன்னு போடுங்க. தப்பு என் சரக்கு, எங்கிட்டயே இருக்கட்டும்."

மாற்றிச் சொல்லவில்லை

ராசிங்காபுரம் பேச்சியம்மாள் அக்கா தினமும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். விடியற்காலை ஜீப்பில் பெண்களை அடைத்துக்கொண்டு போவார்கள். ஒருநாள் வளைவில் ஜீப் ஓரத்துக் கல்லில் மோதி நின்றது. கல் இல்லாவிட்டால் கீழே பள்ளம்தான். "டிரைவரு போன் பேசிக்கிட்டே ஓட்டுனான்" என்று அக்காதான் சொன்னார். செய்தி வந்ததும் ஜீப் முதலாளி டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

டிரைவரும் அதே ஊர்க்காரன். அவன் மனைவி கைக்குழந்தையோடு அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கூட வேலைக்குப் போகும் பெண்களே, "நீ பார்க்கலன்னு மாத்திச் சொல்லிரு, பொழச்சுப் போகட்டும்" என்று நச்சரித்திருக்கிறார்கள். அக்கா என்னிடம் வந்தபோது முகம் வாடிக் கிடந்தது. "அவனுக்குச் சோலி திரும்பக் கெடைக்கணும். அதுக்கு என்ன எழுதணுமோ எழுது" என்றார்.

"அப்ப நீங்க சொன்னது பொய்யின்னு எழுதட்டுமாக்கா?" என்றேன். சட்டென்று நிமிர்ந்தார்.

"அது எப்படி? பொய்யின்னு போட்டா நாளைக்கு மறுபடி போனை எடுப்பான். நான் சொன்னது நெசம். இனிமே எடுக்க மாட்டேன்னு அவனும் சொல்லிட்டான். அதனால நான் கோவத்தை விட்டுட்டேன்னு போடு. கோவத்தை மட்டும்."

அப்படியே போட்டேன். முதலாளி அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். இப்போது ஜீப் ஏறும்போது போனை வாங்கித் தன் தூக்குவாளிப் பையில் வைத்துக்கொள்வது பேச்சியம்மாள் அக்காதான். அவன் என்னைப் பார்த்தபோது புலம்பினான்: "முதலாளியே பரவால்லக்கா. எம்பொண்டாட்டி போன் பண்ணுனா இவுகளே எடுத்து, 'வண்டி ஓட்டுறான், வையி'ங்குறாக."

ரத்து செய்ய வந்தார்

'இவன் என் மகனே இல்லை, இவனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று பேப்பரில் அறிவிப்பு வருமே, பார்த்திருப்பீர்கள். மோட்டார் ரீவைண்டிங் கடை ராமராஜ் அண்ணன் அப்படி ஒன்று கொடுத்தார். மகன் மலைக்கு மேலே, கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு மலையாளப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான் என்று கோபம். "வேணாம்ண்ணே, யோசிங்க" என்று நான் சொன்னதற்கு என்னையும் சேர்த்துத் திட்டினார்.

போன மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து ரோட்டை அடைத்துவிட்டது. மேலே கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சம்பந்தமே இல்லாத மகனுக்காக ராமராஜ் அண்ணன் செக்போஸ்டில் போய் நின்று, நடந்து இறங்கிவரும் ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். மகன் பத்திரமாக இருக்கிறான் என்று ஒரு லாரிக்காரர் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாராம்.

ரோடு சரியானதும் என்னிடம் வந்தார். "அந்த விளம்பரத்தை ரத்து பண்ணணும்."

"ரத்துன்னா பஸ்சு ரத்து மாதிரி இருக்குமேண்ணே. வாபஸ்னு போடலாமா?"

"நான் என்ன கேஸா போட்டேன்?"

"வருந்துகிறேன்?"

"அது செத்த வீட்டுக்குப் போடுறது."

"மன்னிப்பு?"

முறைத்தார். கொஞ்ச நேரம் விரலில் ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணையும் திரும்ப எடுக்க வேணாம்மா. 'மகனும் மருமகளும் ஞாயித்துக்கெழமை சாப்பிட வரவும்'னு போடு" என்றார். அப்படியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மகன் வாசலிலேயே தயங்கி நின்றான். மருமகள் பேப்பரைக் கையில் பிடித்தபடி நேராக உள்ளே வந்து, பாதி மலையாளத்தில் மாமனாரிடம் கேட்டாள்: "அச்சா, இதை ஒரு போன் விளிச்சுப் பறஞ்சா போதாதோ?"

இத்தனை பேரைப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சொல்வதற்குத் தமிழில் ஒரு வார்த்தை போதும், சொன்னதைச் சமாளிக்கத்தான் ஆளுக்கொன்று தேவைப்படுகிறது.