ருசி பார்க்காத இஞ்சிச் சோடா

முதல் பாட்டிலின் கோலிக்குண்டைக் கட்டைவிரலால் அழுத்தித் திறந்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தம்பிராஜா தும்மலுக்காகக் காத்திருக்கிறான். சுருக்கென்று மூக்கில் ஏறித் தும்மல் வந்தால்தான் அன்றைய இஞ்சிச் சோடா காஜா பெராங் சாலை வீட்டின் பின்கட்டைவிட்டு வெளியேறும். வராவிட்டால் அண்டா மறுபடி அடுப்பில் ஏறும்.

பாட்டில் கழுவும் அக்கா பூங்காவனம் சும்மா இருக்கமாட்டாள். "தொரை தும்மி உத்தரவு குடுத்தாத்தான் சோடா ரோட்டுக்குப் போகுமோ?"

"ஊரே வயித்து வலிக்கு இதத்தான் குடிக்குது அக்கா. காரம் இல்லன்னா என்னைத்தான ஏசுவாங்க?"

அது உண்மை. பக்கத்து வட்டாரமான தெங்கேராவின் காப்பிக் கடைகள்வரை வயிறு உப்பியவர்கள் அவன் பாட்டிலைத்தான் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இஞ்சியை ஒடித்து, நார் இழுபடும் நீளத்தைப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்லிவிடுவான்.

ஆரம்பத்தில் யாரும் வாங்கவில்லை. பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்து வேலாயுதம்தான் மாலைதோறும் சைக்கிளை நிறுத்தி, வேண்டுமென்றே ரோட்டோரம் நின்று குடித்து, போகிறவர் வருகிறவர் காதில் விழ "செடாப்!" என்று கத்துவார். தமிழ் வழி வந்த செட்டிகள் என்றாலும் அவர்கள் வீட்டில் பேச்சு மலாய்தான். ருசி என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் ஊர் திரும்பிப் பார்த்தது.

சென்ற ஆண்டு வேலாயுதம் இறந்துபோனார். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய பின் வந்த முதல் போகியன்று காலையில் அவர் மனைவி நாகம்மா வந்தார். இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைக்கும் பர்ச்சு நாள் அது. இஞ்சிச் சோடா இல்லாமல் அவருக்கு இலை போட முடியுமா?

"ஜாங்கான் ராசா, தம்பி" என்று விரலை உதட்டில் வைத்து, இல்லை என்று தலையாட்டினார். ராசா என்றால் ருசி பார்ப்பது; படைத்து முடியும்வரை யாரும் அதைச் செய்யக் கூடாது.

தம்பிராஜாவுக்கு வியர்த்துவிட்டது. அந்த வாரம் கிடைத்ததெல்லாம் மழையில் நீர் கோத்த இஞ்சி. அந்த மனிதருக்கு நன்றி சொல்ல அவனிடம் இருப்பது இந்த ஒரு பாட்டில்தான். அது சப்பென்று போய்விட்டால்? இன்னும் இரண்டு பிடி இஞ்சியைத் தட்டி அண்டாவில் போட்டான். கரண்டி இரண்டு முறை வாய்வரை வந்து திரும்பியது.

"ஒரு சொட்டு நாக்குல வெச்சா யாருக்குடா தெரியப்போவுது?" என்றாள் பூங்காவனம்.

"அவருக்குத் தெரியும் அக்கா."

நாகம்மா வீட்டில் படையல் இலைக்கு முன்னால் அவனே பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றினான். இறந்தவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் நின்றார்கள். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். நாகம்மா கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தம்பிராஜா அவர் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"சாமா, தம்பி" என்றார். அதே ருசி.

மீதியை அவனிடம் நீட்டினார். அடுத்த வீடுகளில் எப்போதும் அண்ணாந்தே குடிப்பவன், கிளாஸை இரு கைகளாலும் வாங்கி, வாய் வைத்துக் குடித்தான்.